கொடுத்த வரிக்குள் நிற்பது

எல்லா மேசைகளும் மரங்கள். எல்லா மரங்களும் மீன்கள். ஆகவே எல்லா மேசைகளும் மீன்கள். வங்கித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு ரீசனிங் வகுப்பின் முதல் நாள் கரும்பலகையில் நான் எழுதுவது இந்த மூன்று வரிகளைத்தான். வகுப்பு சிரிக்கும். "மேசை எப்படி சார் மீனாகும்?" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. மேசை மீனா இல்லையா என்று தேர்வு நம்மிடம் கேட்கவே இல்லை. முதல் இரண்டு வரிகளை ஒப்புக்கொண்ட ஒருவர் மூன்றாவதை மறுக்க முடியுமா என்று மட்டுமே கேட்கிறது. முடியாது.

கேள்வி எழுதுபவர்கள் இப்படி ஒட்டாத சொற்களைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. "எல்லாப் பசுக்களும் பாலூட்டிகள்" என்று கொடுத்தால், மாணவர் வரியைப் படிக்காமலேயே பள்ளியில் படித்த உயிரியலை வைத்து விடை போட்டுவிடுவார். மேசையும் மீனும் சேர்ந்து வந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். கொடுத்த வரியைத் தவிரப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இருக்காது.

திருச்சியில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாடி அறை ஒன்றில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த வேலையை ஆரம்பித்தேன். அப்போது பி.எஸ்.ஆர்.பி. என்ற வாரியங்கள் வட்டாரம் வட்டாரமாக வங்கிகளுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. புதுக்கோட்டை, பெரம்பலூர், லால்குடி என்று நாலா பக்கமிருந்தும் பட்டம் முடித்த பிள்ளைகள் காலை பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். எல்லார் கையிலும் யாரோ எழுதிய நோட்டின் ஜெராக்ஸ் இருக்கும். அதில் ஒரு பக்கம் முழுக்க அட்டவணை. எல்லாம் கூட்டல் எல்லாம், விடை எல்லாம். சில கூட்டல் எல்லாம், விடை சில. எல்லாம் கூட்டல் சில, முடிவில்லை. சில கூட்டல் சில, முடிவில்லை. வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள்.

அட்டவணையில் பிழை ஒன்றும் கிடையாது. ஆனால் இரண்டு வாக்கியங்களும் வரிசையாக நின்றால்தான், முதல் வாக்கியம் முடிகிற சொல்லில் இரண்டாவது தொடங்கினால்தான், அது வேலை செய்யும். கேள்வித்தாளில் வாக்கியங்கள் இடம் மாறி நிற்கும். அப்போது ஒன்றைத் திருப்பிப் போட வேண்டும். "எல்லா ஆசிரியர்களும் பாடகர்கள்" என்பதைத் திருப்பினால் "சில பாடகர்கள் ஆசிரியர்கள்" என்றுதான் வரும். பிள்ளைகள் "எல்லாப் பாடகர்களும் ஆசிரியர்கள்" என்று எழுதுவார்கள். அங்கே வழுக்கியவர்கள் எத்தனை வருடம் படித்தாலும் அதே இடத்தில் வழுக்குவதைக் கண்கூடாகப் பார்த்தேன். அதனால் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு வட்டங்களுக்கு வந்தேன். ஜான் வென் 1880-இல் எழுதிய முறை அது. பள்ளியில் கணங்கள் பாடத்தில் எல்லாரும் வரைந்ததுதான்.

வட்டம் வரைவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. "எல்லாப் பேருந்துகளும் வண்டிகள். சில வண்டிகள் சிவப்பு. சில பேருந்துகள் சிவப்பு என்று முடிவு கட்டலாமா?" என்று கேட்டால், வகுப்பில் பாதிப் பேர் வண்டி என்ற பெரிய வட்டத்துக்குள் பேருந்து வட்டத்தைப் போட்டு, சிவப்பு வட்டத்தை இரண்டின் மேலும் படுகிற மாதிரி வரைந்து "ஆமாம் சார்" என்பார்கள். மணப்பாறையிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் பக்கத்திலேயே இன்னொரு படம் போட்டாள். அதில் சிவப்பு வட்டம் வண்டிக்குள் ஒரு ஓரமாக விழுந்திருந்தது, பேருந்தைத் தொடவில்லை. "இதுவும் கேள்விக்குச் சரியாத்தானே சார் இருக்கு?" என்றாள். சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவளையே பலகைக்கு அழைத்து வகுப்புக்குச் சொல்லச் சொன்னேன். முடிவுக்கு ஒத்துவரும் படம் ஒன்று கிடைத்தால் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை. முடிவைப் பொய்யாக்கும் படம் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் அந்த முடிவு செத்தது. இத்தனை வருடங்களில் நான் கற்றுக்கொடுத்த முறைகளில் இதற்கு மேலான ஒன்று இல்லை. முடிவை நம்பப் பார்க்காதே, உடைக்கப் பார். எந்தப் படத்தாலும் உடைக்க முடியாதது மட்டும்தான் முடிவு.

அடுத்த தகராறு "சில" என்ற சொல்லில் வரும். "வகுப்பில் சிலர் பாஸ்" என்று யாராவது சொன்னால் மற்றவர்கள் பெயில் என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். பேச்சு வழக்கில் அது நியாயம்தான். எல்லாரும் பாஸாகியிருந்தால் எல்லாரும் என்றே சொல்லியிருப்பாரே என்று கேட்பவர் கணக்குப் போடுகிறார். தேர்வில் அந்தக் கணக்கு செல்லாது. தெருவில் நாலு வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கிறீர்கள், நாலிலும் ஆள் இருக்கிறது. "இந்தத் தெருவில் சில வீடுகளில் ஆள் இருக்கிறது" என்று சத்தியம் செய்யலாம். மீதி வீடுகளைப் பற்றி நீங்கள் இன்னும் வாய் திறக்கவில்லை. தேர்வின் "சில" அப்படிப்பட்டது. குறைந்தது ஒன்று, எல்லாமாகவும் இருக்கலாம். அதனால்தான் "எல்லாப் பேனாக்களும் கறுப்பு" என்பதிலிருந்து "சில பேனாக்கள் கறுப்பு" பெறப்படுகிறது. "சில பேனாக்கள் கறுப்பு" என்பதிலிருந்து "சில பேனாக்கள் கறுப்பு அல்ல" என்பது பெறப்படுவதில்லை.

கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்த ஒரு தம்பி இந்த இடத்தில் எழுந்து நின்றான். "எல்லா என்பதிலிருந்து சில எப்படி சார் வரும்? பேனாவே இல்லாத உலகமாக இருந்தால்?" என்றான். நல்ல கேள்வி. அரிஸ்டாட்டில் வழி வந்த பழைய தர்க்கத்தில், ஒன்றைப் பற்றி "எல்லா" என்று பேசினாலே அது இருக்கிறது என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் பூல் வழியில் வந்த கணிதத் தர்க்கம் அதை ஏற்பதில்லை. வெற்றுக் கணத்தைப் பற்றியும் "எல்லா" என்று சொல்லலாம் என்கிறது. நம் வங்கித் தேர்வுகள் அரிஸ்டாட்டில் பக்கம் நிற்கின்றன. "தம்பி, நீ சொல்வது உன் பாடத்தில் சரி, இந்தத் தாளில் மார்க் போகும்" என்று சொல்லி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை முழு வகுப்புக்கும் விளக்கினேன். எந்தத் தேர்வுக்கும் பேசப்படாத ஓர் ஒப்பந்தம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு உட்காருவதும் படிப்பில் சேர்ந்ததுதான்.

அந்தக் காலத்துத் தாள்களில் இன்னொரு வகைக் கேள்வி வரும். ஒரு பத்தி கொடுத்து, அதன் கீழ் ஐந்து அனுமானங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகளில் ஒன்று: நிச்சயமாக உண்மை, உண்மையாக இருக்கலாம், தரவு போதாது, பொய்யாக இருக்கலாம், நிச்சயமாகப் பொய். பிள்ளைகளை அழவைத்த கேள்வி அது. எனக்கோ மிகப் பிடித்தது. மனிதன் எவ்வளவு சீக்கிரம் தெரியாததைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறான் என்பதை அது வெளிச்சம் போட்டுக் காட்டும்.

வகுப்புக்காக நானே ஒரு பத்தி எழுதினேன். ஒரு மாவட்டத்தில் ஐந்தாண்டுகளில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின, அதே காலத்தில் நெல் விளைச்சலும் கூடியது என்பதுதான் விஷயம். கீழே ஓர் அனுமானம்: "கிணறுகள் பெருகியதால் விளைச்சல் கூடியது." மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த விவசாய வீட்டுப் பிள்ளை ஒருவன் "நிச்சயமாக உண்மை" என்று போட்டான். "எங்க ஊர்ல ஆத்துத் தண்ணி வராத வருஷம் போர் இல்லன்னா குறுவையே கிடையாது சார்" என்றான். அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் பத்தி இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன என்றுதான் சொன்னது. ஒன்றால் மற்றது நடந்தது என்று சொல்லவில்லை. புது விதை வந்திருக்கலாம், மழை பெய்திருக்கலாம், சாகுபடிப் பரப்பு கூடியிருக்கலாம். பத்தியில் உள்ள பிற வரிகள் கிணற்றின் பக்கம் சாய்ந்தால் "உண்மையாக இருக்கலாம்" என்று போடலாம். அப்படி எதுவும் இல்லாவிட்டால் "தரவு போதாது". விஷயம் தெரியாத பிள்ளைகளைவிட விஷயம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பகுதியில் சிரமம் அதிகம். "உன் அறிவு உன்னிடம் பத்திரமாக இருக்கட்டும், வெளியே போகும்போது எடுத்துக்கொள்" என்று அவர்களிடம் சொல்வேன்.

"தரவு போதாது" என்ற விடையை எழுதப் பிள்ளைகளுக்குக் கை வராது. தெரியவில்லை என்று சொல்வது தோல்வி என்று பள்ளி அவர்களுக்குப் பழக்கியிருக்கிறது. இந்தத் தேர்வில் அது முழு மதிப்பெண் பெறும் விடை. அதை உணர்ந்த அன்றே ஒரு மாணவரின் நடையே மாறிவிடுகிறது.

2011-இல் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்தன. ஐ.பி.பி.எஸ். பொதுத்துறை வங்கிகளுக்குப் பொதுவான எழுத்துத் தேர்வைத் தொடங்கியது. குடிமைப் பணிகள் முதல்நிலைத் தேர்வில் யு.பி.எஸ்.சி. சிசாட் என்ற திறனறித் தாளைக் கொண்டுவந்தது. எண்பது கேள்விகள், இருநூறு மதிப்பெண்கள். 2015 முதல் அதில் 33 விழுக்காடு எடுத்தால் போதும், தரவரிசைக்குச் சேராது என்றாயிற்று. போதும்தானே என்று அலட்சியமாகப் போய், பொது அறிவுத் தாளில் நல்ல மதிப்பெண் வைத்துக்கொண்டு சிசாட்டில் விழுந்தவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள்.

அவர்கள் விழுந்த இடம் பெரும்பாலும் பத்திகள்தான். நகரத்தில் மரங்கள் அடர்ந்த தெருக்களில் கோடைப் பகலில் வெப்பம் குறைவாகப் பதிவாகிறது என்று ஒரு பத்தி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அரசு நகரங்களில் மரம் நட வேண்டும் என்று ஒரு விடை இருக்கும். நல்ல கருத்து, யாரும் மறுக்க மாட்டார்கள், அதனாலேயே கை அங்கே போகும். ஆனால் பத்தி என்ன நிலவரம் என்று சொன்னதே தவிர, யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. "வேண்டும்" என்ற சொல் பத்தியில் இல்லாமல் விடையில் முளைத்தால் அங்கே நின்று யோசிக்கச் சொல்வேன். கேள்வி பரிந்துரையைக் கேட்டால் அது விடையாகலாம். பெறப்படும் முடிவைக் கேட்டால் ஆகாது.

இதே காலத்தில் ஒரு ஷார்ட்கட் கோச்சிங் வகுப்புகளில் தீப்போலப் பரவியது. விடையில் "எப்போதும்", "மட்டுமே", "எதுவும்" போன்ற கடுமையான சொல் இருந்தால் அடித்துவிடு, மென்மையான சொல் இருந்தால் டிக் போடு. நான் இதை எதிர்த்தே வந்திருக்கிறேன். மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்த மருந்தை எந்தக் கடையும் விற்கக் கூடாது என்று சட்டம் சொல்வதாகப் பத்தி இருக்கட்டும். "சீட்டு இல்லாமல் ஒரு கடை இதை விற்பது எப்போதும் சட்ட மீறல்" என்பது பெறப்படும் முடிவு. அதில் "எப்போதும்" இருக்கிறது. "சீட்டு இருந்தால் வாங்கலாம்" என்பது பார்க்கச் சாதுவாக இருக்கிறது, ஆனால் பெறப்படவில்லை. வேறு தடைகள் இருக்கலாம், பத்தி அதைப் பேசவில்லை. விடையில் உள்ள சொல்லின் கடுமையைப் பத்தியில் உள்ள சொல்லின் கடுமையோடு வைத்துப் பார்க்க வேண்டும். பத்தியைவிட விடை கூடுதலாகப் பேசினால் தப்பு, குறைவாகவோ சமமாகவோ பேசினால் சரி. கேள்வி எழுதுபவர்களும் நம் ஷார்ட்கட்டுகளைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஒரு குறுக்கு வழி ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு அதில்தான் பள்ளம் வெட்டுவார்கள்.

"இருந்தால்", "இருந்தால்தான்" இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு சோதனையைப் பயன்படுத்துவேன். லண்டனில் உளவியல் ஆய்வாளராக இருந்த பீட்டர் வேசன் 1966-இல் எழுதியது. அதை நம் எழுத்துக்கு மாற்றிக்கொண்டேன். மேசையில் நான்கு அட்டைகள்: அ, க், 4, 7. ஒரு பக்கம் எழுத்து, மறு பக்கம் எண். விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறு பக்கம் இரட்டை எண் இருக்கும். விதி உண்மையா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? வகுப்பில் பெரும்பாலோர் அ-வையும் 4-ஐயும் சொல்வார்கள். 4-இன் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது. மெய்யெழுத்துக்குப் பின் இரட்டை எண் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. திருப்ப வேண்டியது அ-வையும் 7-ஐயும். 7-இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி போயிற்று.

பிறகு இதையே பஸ்ஸுக்குள் கொண்டுபோவேன். "மாணவர் பாஸில் வருபவர் மாணவராக இருக்க வேண்டும். நீங்கள் செக்கிங் இன்ஸ்பெக்டர். யாரைச் சோதிப்பீர்கள்?" பாஸ் காட்டியவரையும், மாணவர் அல்லாதவர் கையில் என்ன இருக்கிறது என்பதையும் பார்ப்போம் என்று ஒரே குரலில் சொல்வார்கள். காசு கொடுத்து டிக்கெட் எடுத்த மாணவரை யாரும் தொட மாட்டார்கள். கணக்கு அதேதான். 1982-இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பீர் குடிப்பதற்கான வயது வரம்பை வைத்து இப்படிச் சோதித்தபோது நால்வரில் ஏறத்தாழ மூவர் சரியாகச் சொன்னார்கள். விதியை மீறுபவரைப் பிடி என்றால் மூளை கூர்மையாகிவிடுகிறது. ஆகவே எந்த "இருந்தால்" வாக்கியத்தைக் கண்டாலும் செக்கிங் இன்ஸ்பெக்டராகிவிடு என்று சொல்லிக்கொடுக்கிறேன். ஹால் டிக்கெட் இருந்தால்தான் தேர்வறைக்குள் விடுவார்கள் என்பதிலிருந்து, ஹால் டிக்கெட் இருக்கும் எல்லாரையும் விடுவார்கள் என்று வராது. அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்த பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை.

டி.என்.பி.எஸ்.சி. எழுதுபவர்களுக்குக் கூற்று – காரணம் வகைக் கேள்விகள் பழக்கம். கூற்றும் சரி, காரணமும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்குகிறதா என்பதில்தான் மார்க் இருக்கிறது. "கூற்று: கடல்நீர் உப்புக் கரிக்கிறது. காரணம்: பூமியின் பரப்பில் சுமார் 71 விழுக்காடு நீர் உள்ளது." இரண்டும் உண்மை. நடுவில் "ஏனென்றால்" போட்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒட்டாது. இந்த ஒரு சொல்லைப் போட்டுப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்த வகையில் தப்பு பாதியாகக் குறையும்.

தர்க்கம் வெளியிலிருந்து வந்த படிப்பு என்று நினைப்பவர்களுக்கு மணிமேகலையைக் காட்டுவேன். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு முதலில் சொல்லித்தருவது தர்க்கத்தைத்தான். தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதையில் பக்கம், ஏது, திட்டாந்தம் என்ற உறுப்புகளும், எந்தெந்த இடத்தில் அனுமானம் பழுதாகும் என்ற நீண்ட பட்டியலும் இருக்கின்றன. புகை இருக்கும் இடத்தில் நெருப்பு உண்டு. நெருப்பு இருக்கும் இடமெல்லாம் புகை உண்டா? பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை இல்லை. நம் நாட்டுத் தர்க்க மரபு பிடித்துக் காட்டிய இந்தப் பிழையும், "எல்லா"வைத் தப்பாகத் திருப்பும் என் மாணவர்களின் பிழையும் ஒன்றுதான்.

2010-களில் வங்கித் தேர்வு மறுபடி உருமாறியது. முதலில் "வாய்ப்புண்டு" என்று முடியும் கேள்விகள் பெருகின. "எல்லா மரங்களும் மலர்களாக இருக்க வாய்ப்புண்டு" என்றால், அதற்கு இடம் தரும் படம் ஒன்று வரைய முடிந்தால் போதும், விடை சரி. உடைக்கும் படத்தைத் தேடிய கை இப்போது ஒத்துவரும் படத்தைத் தேட வேண்டும். அந்தப் பத்தாண்டின் கடைசியில் "ஒரு சில மட்டுமே" வந்தது. "பேனாக்களில் ஒரு சில மட்டுமே பென்சில்கள்" என்றால் சில பேனாக்கள் பென்சில்கள், சில பேனாக்கள் நிச்சயமாகப் பென்சில்கள் அல்ல. "சில" என்பது திறந்து வைத்திருந்த கதவை "மட்டுமே" சாத்திவிடுகிறது. ஆகவே எல்லாப் பேனாக்களும் பென்சில்களாக இருக்க வாய்ப்பில்லை. அதே வரியில், எல்லாப் பென்சில்களும் பேனாக்களாக இருக்க வாய்ப்புண்டு. சாத்தியது ஒரு பக்கக் கதவை மட்டும்தான்.

அட்டவணையை நம்பிய பிள்ளைகள் அந்த வருடம் தவித்துப்போனார்கள். "சார், இதுக்கு ரூல் என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். படம் வரைந்து பழகியவர்கள் புதுச் சொல்லின் பொருளை ஒரு தடவை கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள். முதல்நிலைத் தேர்வில் ரீசனிங்குக்கு முப்பத்தைந்து கேள்விகள், இருபது நிமிடம். தப்பு விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு போகும். அந்த அவசரத்தில் கைகொடுப்பது புரிந்து படித்ததுதான் என்பதை அந்த மாற்றம் என் கண் முன்னே நிரூபித்தது.

வேலைக்குப் போன பிள்ளைகள் இப்போதும் வந்து பார்க்கிறார்கள். கடன் பிரிவில் இருக்கும் ஒருத்தி, விண்ணப்பத்தோடு வரும் காகிதங்களைப் படிக்கும்போது வகுப்பு ஞாபகம் வரும் என்றாள். "ஆண்டு வருமானம் பத்து லட்சம் வரை" என்று ஒருவர் எழுதியிருந்தால் அது மேல் எல்லையை மட்டும்தான் சொல்கிறது, குறைந்தபட்சம் எவ்வளவு என்று கேட்டு வாங்குகிறாளாம். துணிக்கடை விளம்பரத்தின் "50 விழுக்காடு வரை தள்ளுபடி"யும் அதே வகைதான். ஒரே ஒரு சட்டைக்கு 50 விழுக்காடு தள்ளுபடி இருந்தாலும் அந்த வரி பொய்யாகாது. கவனமாக எழுதப்பட்ட வரியைக் கவனமாகப் படிக்காதவர் ஏமாறுவார். எழுதியவர் பொய் சொல்லவில்லை என்றும் ஆகிவிடும்.

தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தினமும் செய்தித்தாளில் ஒரு செய்தியை எடுங்கள். அதிலிருந்து உறுதியாகப் பெறப்படும் மூன்று வரிகளை எழுதுங்கள். பெறப்படுவது போலத் தோன்றி, உண்மையில் பெறப்படாத மூன்று வரிகளையும் எழுதுங்கள். இரண்டாவது மூன்றை எழுதுவதுதான் கடினம், அதில்தான் பயிற்சி இருக்கிறது. ஒரு மாதம் விடாமல் செய்தவர்களுக்கு எந்தப் புது வகைக் கேள்வி வந்தாலும் பயம் இருக்காது. தேர்வு எழுதாதவர்களும் செய்யலாம். கைப்பேசியில் வரும் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும் முன், அதில் சொல்லியிருப்பது எவ்வளவு, நாம் சேர்த்துக்கொண்டது எவ்வளவு என்று ஒரு முறை பிரித்துப் பாருங்கள்.